கார்ப்பரேட்டர் வீட்டுக்காரர்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் நாச்சாரத்தில், பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஆறு வருஷமாகக் கட்சிக்கு உழைத்திருந்தேன். கொடி கட்டியிருக்கிறேன், மைக் பிடித்திருக்கிறேன், ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை மாநகராட்சித் தேர்தலில் கார்ப்பரேட்டர் சீட்டு எனக்குத்தான் என்று கட்சியில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கட்சியின் வட்டாரத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று தெலுங்கில் ஆறுதல் சொன்னார். மனைவி பெயரில் மனு போட்டுவிடலாம், பெயர் மட்டும்தான் அம்மாவுடையது, வேலையெல்லாம் நீங்கள்தான் என்றார். பக்கத்து வார்டுகளில் அப்படித்தான் நடக்கிறது என்று உதாரணங்களும் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் போன பிறகு சமையலறைக்குப் போனேன். என் மனைவி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கையெழுத்து யாரு போடறது?"

"நீதான் போடணும். உன் பேர்லதானே நிக்கறது."

"அப்படின்னா படிச்சுப் பாத்துட்டுதான் போடுவேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்குப் படவில்லை.

எங்கள் குடும்பம் காட்பாடிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தது. தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக வந்தவர், அப்பாவும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்த வருஷம் ஹப்சிகுடாவுக்குப் பின்னால், மேடான ஒரு தெருவில், நூறு கஜத்தில் வீடு கட்டினார். எங்கள் வீட்டுத் தமிழில் 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் உருதுவின் 'நக்கோ'வும் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'வும் சகஜமாக வந்து போகும். அவள் ஜோலார்பேட்டைக்காரி. கல்யாணமாகி வந்தபோது ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது. முழுத் தெலுங்கையும் தெருக்குழாய் வரிசையில் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய தெலுங்கில் ஒரு குறை தங்கிவிட்டது. 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மீரு' அவள் வாயில் வராது. குழாயடியில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் 'நுவ்வு'தான். எதிரில் நிற்பவர் டாக்டரானாலும் போலீஸ்காரரானாலும் 'நீ' என்றுதான் பேசுவாள். அதில் திமிர் எதுவும் இல்லாததால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிரசாரத்தில் மேடைப் பேச்செல்லாம் நான்தான். போஸ்டரில் என் படம் அவள் படத்தைவிடப் பெரியது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அச்சகத்தில் உட்கார்ந்து அளவு சொன்னவனே நான்தான். நான் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கும்போது அவள் கீழே இறங்கி வீடு வீடாகப் போய்விடுவாள். ஓட்டுக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, எத்தனை குடம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். கூட வந்த கட்சிக்காரர்கள், அம்மா சின்னத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்கள். முடிவு வந்தபோது நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தோம். மாலை என் கழுத்தில்தான் முதலில் விழுந்தது.

பதவியேற்ற அடுத்த வாரம் மாநகராட்சியின் வட்ட அலுவலகத்தில் அதிகாரிகளுடன் கூட்டம். இருவரும் ஸ்கூட்டரில் போனோம். இன்ஜினியர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார், அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஒரு மணி நேரம் என்னைப் பார்த்தே பேசினார். வடிகால், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். டீ வந்தது. கடைசியில் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளி, இங்கே ஒரு கையெழுத்து அம்மா என்றார் இன்ஜினியர்.

அவள் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். தெலுங்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், நேரமாகும். நான் அவள் காதருகில், போடு, நான் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழில் சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. நான் இவங்ககிட்டப் பேசிட்டு வரேன்."

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பது மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்த மரியாதை. போன் வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பும் வழியில் தார்நாகா சிக்னலில் நிற்கும்போது, ஏழாவது தெருவுக்கு விளக்கு எழுதி வாங்கிவிட்டேன் என்றாள். பச்சை விழுந்ததும் நான் வண்டியை வேகமாக எடுத்தேன்.

கம்பெனியில் என் கூட வேலை பார்த்தவர்கள் தினமும் காலையில் என்னைப் பார்த்து, "சலாம், கார்ப்பரேட்டர் சாப்" என்று நெற்றியில் கை வைப்பார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அது எனக்குக் கிண்டலாகக் கேட்க ஆரம்பித்தது. அவர்கள் எப்போதும்போலத்தான் சொன்னார்கள்.

பெரிய தப்பை அதற்கப்புறம்தான் செய்தேன்.

எங்கள் மேட்டுத் தெருவுக்கும், கீழே கழிவுநீர் ஓடும் நாலாவை ஒட்டி எளியவர்கள் குடியிருக்கும் பஸ்திக்கும் ஒரே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். கீழ் பஸ்திக்கான வால்வை லைன்மேன் அரை மணி நேரத்தில் மூடிவிடுவார். மூடினால்தான் மேட்டுக்கு அழுத்தம் ஏறும். எங்களுக்கு இரண்டு மணி நேரம் வரும், தொட்டி நிறைந்து வாசல் கழுவி ஸ்கூட்டரும் கழுவுவோம். இந்தக் கணக்கை யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சின்னப் பையனாக இருந்தபோதும் அப்படித்தான்.

அவள் ஒரு மாதம் விடியற்காலையில் லைன்மேனோடு வால்வு வால்வாக நடந்தாள். குழியின் இரும்பு மூடியைத் திறந்து எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை சுற்று என்று பார்த்துவைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, ஒன்றேகால் மணி நேரம் என்று மாற்றிவிட்டாள்.

எங்கள் தெரு கொதித்துப்போனது. நாற்பது வருஷப் பழக்கமுள்ளவர்கள் என்னை நிறுத்தி, நம்ம தெரு ஆள் ஜெயித்து நமக்கே தண்ணியைக் குறைப்பதா என்று கேட்டார்கள். என் அண்ணன் வீடு தெருக்கோடியில். அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கட்சியிலும் முணுமுணுப்பு. நான் அவளிடம் இரண்டு முறை சொல்லிப்பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் போதும், வாசலைக் கழுவாமல் பெருக்கினால் போதும் என்றாள்.

மூன்றாவது முறை நான் அவளிடம் போகவில்லை. நேராக லைன்மேனிடம் போனேன். மேடம் பழையபடியே வைக்கச் சொன்னார்கள் என்றேன். அவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார்.

"மேடம் போலே க்யா?" என்று உருதுவில் கேட்டார், மேடமே சொன்னார்களா என்று.

"ஹவ்," என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை. பெயர் அவளுடையது, வேலை என்னுடையது என்று அன்றைக்கு வட்டாரத் தலைவர் சொன்னது உள்ளுக்குள் இன்னும் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ் பஸ்தியிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்தார்கள். சத்தம் போடவில்லை. குடங்களை எங்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். அவள் வெளியே போய் என்னவென்று கேட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கிருந்தே லைன்மேனுக்குப் போன் செய்தாள். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. உள்ளே வந்தாள்.

"நான் சொன்னதா சொன்னீங்களா?"

நான் அண்ணனைப் பற்றி, தெருவைப் பற்றி, அடுத்த தேர்தலைப் பற்றி ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடித்த பிறகு, "அது இல்ல. நான் சொன்னதா சொன்னீங்களா?" என்று திரும்பக் கேட்டாள்.

"சொன்னேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். வண்டியை எடுங்கள் என்றாள். அந்தப் பெண்கள் முன்னால் நடக்க, நாங்கள் ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்னால் போனோம். பஸ்தியில் பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் இறங்கினாள். ஆட்கள் கூடினார்கள். அந்தக் குழாயடித் தெலுங்கில்தான் பேசினாள். இரண்டு வாரம் உங்களுக்குத் தண்ணீர் குறைந்துபோனதற்கு லைன்மேன் காரணமில்லை, அவரை யாரும் ஏசக்கூடாது என்றாள். தப்பு எங்கள் வீட்டில் நடந்தது என்றாள். நாளையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரும், வராவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டு என்று ஒரு கிழவரைப் பார்த்துச் சொன்னாள்.

'எங்கள் வீட்டில்' என்றாளே தவிர என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தனை பேரும் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்த என்னைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கு நான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஹேண்டில்பாரின் சூடு இன்றும் உள்ளங்கையில் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவள் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் நானாகவே லைன்மேனைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, பரவாயில்லை, வீடு என்றால் அப்படித்தான் என்றார்.

அதற்குப் பிறகு யாராவது என்னிடம் வந்து சார், இந்த வேலை ஆக வேண்டும் என்றால், அம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. காலையில் வருகிறவர்களுக்கு டீ போட்டேன். தெலுங்கில் வரும் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன், கருத்துச் சொல்லாமல். யாரோ ஒருவர் என்னைக் 'கார்ப்பரேட்டர் வீட்டுக்காரர்' என்று இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார். நான் அதைத் திருத்தவில்லை. அந்த ஐந்து வருஷத்தின் பின்பகுதிதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் என்று தோன்றுகிறது. காலையில் ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்புவோம், அவள் பின்னால் உட்கார்ந்து குப்பைத்தொட்டி, உடைந்த மூடி, எரியாத விளக்கு என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஏதாவது ஒரு வண்டிக்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவாள். நாற்பது வயதில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய பெயர் வார்டைத் தாண்டியும் பரவியிருந்தது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் கட்சி அவளை எம்.எல்.ஏ. வேட்பாளராக நிறுத்தியது. அதில் என் பங்கு எதுவுமில்லை என்பதை எழுதிவைக்க ஆசை. போஸ்டரில் நான் இல்லவே இல்லை. ஜெயித்தாள்.

கார் வந்தது, துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்தார், முன்னறையில் புது சோபாக்கள் வந்தன. வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். பிளாட் போடுகிறவர்களும் டிரான்ஸ்ஃபர் கேட்கிறவர்களும் வந்தார்கள். குடம் தூக்கி வருகிறவர்களைக் காவலரே கேட்டில் விசாரித்து அனுப்பிவிடுவதை அவள் கண்டுபிடிக்க ஒரு மாதமானது. அதன் பிறகு அந்தக் காவலரைச் சமையலறைப் பக்கம் உட்கார வைத்தாள்.

சட்டசபையில் அவளுக்குப் பேசக் கிடைத்த வாய்ப்புகளைக் கை விரலில் எண்ணிவிடலாம். முதல் முறை நான்கு நிமிடம் கொடுத்தார்கள். நாச்சாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து வரும் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்க நிழல் இல்லை, ஷிப்ட் விடும் நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை என்பது விஷயம். ஒரு வாரம் பயிற்சி. மகள்தான் வாத்தியார். சபையில் 'நுவ்வு' என்று சொல்லக்கூடாது அம்மா, 'மீரு' என்று சொல்லு என்று தெலுங்கிலேயே அதட்டுவாள். மகளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். இவள் அடுப்படியில் 'மீரு, மீரு' என்று சொல்லிக்கொண்டே தோசை வார்த்தாள்.

அன்று நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றாள். 'மீரு' சரியாக வந்தது. கீழே பாதிப் பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் மணி அடித்தது. பதற்றத்தில் மந்திரியைப் பார்த்து, நீ ஒருநாள் அந்த ஸ்டாப்பில் வந்து நின்று பார் என்று பழைய தெலுங்கில் சொல்லிவிட்டாள். சபையே சிரித்தது. மந்திரியும் சிரித்தார். நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன், அங்கே கைதட்டக்கூடாது என்று சேவகர் வந்து எச்சரித்தார். நிழற்குடை ஆறு மாதத்தில் வந்தது, பஸ் வரவில்லை. அன்று காரில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இங்க யாருக்குமே வால்வு எங்க இருக்குன்னு தெரியலைங்க," என்றாள்.

ஐந்து வருஷம் முடிந்ததும் கட்சி அந்தத் தொகுதியை ஒரு பில்டருக்குக் கொடுத்தது. அவளுக்குக் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை, டிவியில்தான் பார்த்தோம். எனக்கு ஆத்திரம். அவள் அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள். காரும் காவலரும் போனார்கள். அந்தக் காவலர் போகிற அன்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார், அவள் அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு மாநகராட்சித் தேர்தல் வந்தது. வார்டுக்கு நிற்கப்போகிறேன் என்றாள். கட்சி அலுவலகத்தில் கேட்டபோது சிரித்தார்களாம். எம்.எல்.ஏ.வாக இருந்தவர் கார்ப்பரேட்டர் சீட்டுக் கேட்பதா, மரியாதை என்னாவது என்றார்களாம். அந்த முறை வார்டு பொதுவாகிவிட்டிருந்தது, ஆண்களே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். என் அண்ணன்கூட வந்து, வேண்டாம், பெரிய மனுஷியாக வீட்டில் இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். பல வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தார்.

"அவகிட்டக் கேளுண்ணா," என்றேன்.

அவர் சமையலறைக்குப் போய்க் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் அண்ணன் அவளுக்காக நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினார்.

சுயேச்சையாக நின்றாள். சின்னம் தையல் மெஷின். மேடை கிடையாது, மைக் கிடையாது. கம்பெனியில் லீவு போட்டுவிட்டு நானும் வீடு வீடாகப் போனேன், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டு. வெகு சொற்ப வித்தியாசத்தில், மறுபடி எண்ணச் சொல்லி எண்ணிய பிறகு, ஜெயித்தாள். கீழ் பஸ்திப் பெட்டிகள்தான் கரை சேர்த்தன. அன்று மாலையை அவள் கழுத்தில் போட்டது அந்தக் காலிக் குடங்களோடு வந்தவர்களில் ஒருத்தி.

அந்த ஐந்து வருஷத்தில் என் கம்பெனியும் என்னை ஓய்வு பெறச் செய்துவிட்டது. மறுபடி ஸ்கூட்டர், மறுபடி வண்டிக்கடை இட்லி. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வடிகால் மூடிகள் போடப்பட்டன, ஒரு பார்க் வந்தது, மழைக்காலத்தில் கீழ் பஸ்தியில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தது. பதவிக்காலம் முடிந்தபோது முட்டிவலி அவளைப் படிகளில் ஏறவிடவில்லை. இனி முடியாது என்று அவளே சொன்னாள். யாரும் வற்புறுத்துவதற்கு முன்பே மனுத்தாக்கல் தேதியும் போய்விட்டது.

இப்போது அவளுக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள், இவள் தமிழில் கேட்பதும் அவள் தெலுங்கில் சொல்வதுமாக அரை மணி நேரம் போகும். வார்டிலிருந்து இன்னும் போன்கள் வருகின்றன. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, லாரி குழாயை உடைத்துவிட்டது. தான் இப்போது பதவியில் இல்லை என்று பொறுமையாகச் சொல்லி, புதுக் கார்ப்பரேட்டரின் நம்பரைக் கொடுக்கிறாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே நம்பரை அவளே அழுத்துகிறாள். "நான்தான்பா அக்கா பேசறேன், நீ ஒண்ணு பண்ணு" என்று தெலுங்கில் ஆரம்பிப்பது கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு இன்னும் 'நீ'தான். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.